மிளகாய்க்கு மாட்டு டாக்டர் சான்றிதழ்

ஒரு நாட்டுப் பொருளை இன்னொரு நாடு எப்படி உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்பதையெல்லாம் கோட்டு சூட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். வேலைக்குச் சேரும்வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி தாம்பரம் சானடோரியத்தில் ஒரு மாடி அறையில், தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே என்னைப் போன்ற ஒருத்தி போடும் டிக்கில் இருக்கிறது. அந்த டிக்கைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். எங்கேயாவது சொல்லித் தொலைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

உணவுப் பொருள் ஏற்றுமதி செய்யும் சின்ன முதலாளிகளின் சங்கம் ஒன்றில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். ஊறுகாய்க்காரர்கள், மசாலாப் பொடிக்காரர்கள், அப்பளம், வத்தல், வடகம் போடுகிறவர்கள். வெளிநாட்டுக்காரர்கள் கொண்டுவரப்போகும் விதிகளைப் படிப்பது என் வேலை. போட்டு முடித்த விதியை எவன் வேண்டுமானாலும் படிப்பான். நான் படிப்பது, போடப்போகும் விதியை. ஒரு நாடு தன் இறக்குமதி விதியை மாற்ற நினைத்தால், சத்தம் போடாமல் மாற்றிவிட முடியாது. ஜெனீவாவில் எல்லா நாடுகளும் கூடி உட்காரும் அமைப்பு இருக்கிறதே, அங்கே வரைவைக் கொடுக்க வேண்டும். அங்கிருந்து அது எல்லா நாட்டுக்கும் போகும். டெல்லிக்கு வரும். டெல்லி எங்களைப் போன்ற சங்கங்களுக்கு அனுப்பும். நாங்கள் உறுப்பினர்களிடம் கொடுத்து, ‘இதனால் உங்களுக்கு ஏதாவது கஷ்டம் உண்டா’ என்று கேட்டு, பதிலை வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டும். பெரும்பாலும் அறுபது நாள் அவகாசம் கொடுப்பார்கள்.

அந்த அறுபது நாளுக்குள், ‘ஐயா, நீங்கள் எழுதியிருப்பது எங்கள் ஊர்ப் பொருளுக்குப் பொருந்தாது, இன்ன காரணம்’ என்று யாராவது ஒழுங்காக எழுதிப் போட்டால், அவர்கள் படித்துப் பார்த்துப் பதில் சொல்லியாக வேண்டும். சில சமயம் ஒரு வார்த்தையை மாற்றுவார்கள். சில சமயம் ஒரு வரியே போய்விடும். யாரும் எழுதவில்லை என்றால், யாருக்கும் ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொண்டு கெஜட்டில் போட்டுவிடுவார்கள். இவ்வளவுதான் விஷயம். கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது, பாருங்கள்.

நடப்பது வேறு. வாரத்துக்கு ஒரு கட்டு வரும். பொம்மைக்கு ஒன்று, டயருக்கு ஒன்று, மாட்டுத் தீவனத்துக்கு ஒன்று, முகத்தில் பூசும் கிரீமுக்கு ஒன்று. எங்களுக்குச் சம்பந்தப்பட்டதை அதிலிருந்து பொறுக்க வேண்டும். எல்லாம் பல்லை உடைக்கும் இங்கிலீஷ். ஆரம்பத்தில் நான் ஒழுங்காகத்தான் எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒருத்தரும் பதில் போட மாட்டார்கள். போன் செய்தால், “மேடம், இதெல்லாம் நீங்களே பார்த்துக்குங்க, நமக்கு யாவாரம் நடந்தா போதும்” என்பார்கள். அப்படியே ஒரு வழக்கம் ஆகிவிட்டது. டெல்லிக்கு அனுப்ப ஒரு பக்கப் படிவம் உண்டு. ‘கருத்து எதுவும் இல்லை’ என்று எழுதுவோம். அதற்குக் கீழே ஒரு கட்டம்: பாதிக்கப்படக்கூடியவர்களைக் கலந்து ஆலோசித்தீர்களா? ‘ஆம்’ என்பதில் ஒரு டிக். கையெழுத்து. ஸ்கேன் செய்து அனுப்பினால் வேலை முடிந்தது. டிக் இல்லாமல் போனால் படிவம் திரும்பி வந்துவிடும் என்பதால் டிக் போடுவோம். அதை ஒரு பொய் என்று நாங்கள் யாரும் நினைத்ததே கிடையாது.

இப்போது, அந்த டிக்கில் மாட்டிக்கொண்ட ஒருத்தியைப் பற்றி. இரும்புலியூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஏரிப் பக்கம் அவள் வீடு. நாங்கள் லோன் போட்டு பிளாட் வாங்கிக் குடிவந்தவர்கள். அவள் குடும்பம், ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆட்டை ஓட்டிக்கொண்டு நிம்மதியாகக் குறுக்கே போக முடிந்த காலத்திலிருந்தே அங்கே இருக்கிறது. முதலில் வீட்டு வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு வத்தல் விற்றுக்கொண்டிருந்தாள். அவள் போடும் மோர் மிளகாய்க்கு நான் அடிமை. வாணலியில் நாலு மிளகாயைப் போட்டால் மேல்மாடிக்காரர் தும்முவார். உப்பு, புளிப்பு, காரம் மூன்றும் நாக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எது முதலில் வரும் என்று சொல்ல முடியாது.

வெளிநாட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒருவர் சேலையூரில் தங்கை வீட்டுக்கு வந்தபோது அந்த மோர் மிளகாயைச் சாப்பிட்டுவிட்டு, எனக்கு அனுப்புவாயா என்று கேட்டிருக்கிறார். அவள் நேரே என்னிடம் ஓடிவந்தாள். ஏற்றுமதிக்கான எண் வாங்கியது, உணவு லைசென்ஸ் வாங்கியது, எங்கள் சங்கத்தில் சேர்த்துவிட்டது எல்லாம் நான்தான். எங்கள் சங்கத்திலேயே ஆகச் சின்ன உறுப்பினர் அவள். எனக்கு அதில் ஒரே பெருமை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். இரண்டு வருடத்தில் மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டு, ஆறு பெண்களை வேலைக்கு வைத்துக்கொண்டாள். ஆறு பேருமே அந்தத் தெருக்காரர்கள்.

“நீ கீறப்ப எனக்கு இன்னாக்கா பயம்?” என்பாள். “ரூல்ஸு கீல்ஸு ஏதாச்சும் வந்துச்சின்னா மொதல்ல எனக்கு ஒரு வார்த்த சொல்லிடு.”

“சொல்லாம வேற யாருக்குச் சொல்லப் போறேன்?” என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

அந்த வரைவு வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. சாக்குச் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று எத்தனையோ தடவை அந்த நாளைத் துழாவிப் பார்த்துவிட்டேன். எனக்குக் காய்ச்சலா? இல்லை. வீட்டில் விசேஷமா? இல்லை. ஆபீசில் வேலை குவிந்து கிடந்ததா? அதுவும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மெயிலைத் திறந்தேன். அவளுடைய சரக்கு போகும் அதே நாடு. நாற்பது பக்கம் போல இருந்தது. தலைப்பு பால் பொருட்கள் பற்றியது. பாலா, நெய்யா, நம் சங்கத்தில் யாரும் அதெல்லாம் அனுப்புவதில்லையே என்று முதல் பக்கத்தோடு மூடிவிட்டேன். படிவத்தை எடுத்து ‘கருத்து எதுவும் இல்லை’ என்று எழுதினேன். டிக் போட்டேன். தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள டப்பா மூடியில் என்ன இருந்தது தெரியுமா? அவள் கொடுத்த மோர் மிளகாய். ஒன்றைக் கடித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டேன்.

மோரில் ஊறிய மிளகாய் ஒரு பால் பொருள் என்று நம் ஊரில் எவளுக்காவது தோன்றுமா? மளிகைக்கடையில் வத்தலோடு வைத்திருப்பான், நெய்யோடு வைக்க மாட்டான். எனக்கும் தோன்றவில்லை. மற்றவர்களுக்குத் தோன்றாதது தப்பில்லை. எனக்குத் தோன்றுவதற்காகத்தான் எனக்குச் சம்பளம்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வந்தாள். நான் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசல்வரை வந்துவிட்டாள். கையில் அந்த நாட்டுத் துறைமுகத்திலிருந்து வந்த கடிதம்.

“அக்கா, இத்தப் படிச்சிச் சொல்லுக்கா. சரக்கு மொத்தத்தையும் புட்ச்சி வெச்சிக்கினு, அப்பாலிக்கு அழிச்சிட்டாங்களாம். மாட்டு டாக்டரு சர்ட்டிபிகேட் இல்லியாம். மிளகாய்க்கு இன்னாத்துக்குக்கா மாட்டு டாக்டரு?”

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாக வந்தது. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரும் சிரித்தார். கடிதத்தை வாங்கிப் படித்தேன். தயாரிப்பின் எந்தக் கட்டத்திலாவது பால் சார்ந்த எதையாவது சேர்த்த உணவு எதுவாக இருந்தாலும், பதிவு பெற்ற பால் பண்ணையிலிருந்து அந்தப் பால் வந்திருக்க வேண்டும், அரசாங்கக் கால்நடை மருத்துவர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் கூடவே வர வேண்டும். கீழே விதியின் எண் இருந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் மாவுக் கரண்டியைக் கீழே வைத்தேன். எண்கள் எனக்கு மறக்காது. அது ஒரு வியாதி.

“இன்னாக்கா, ஒண்ணும் சொல்ல மாட்டேன்ற?”

“அது அவங்க நாட்டு ரூல்ம்மா,” என்றேன். “திடீர்னு போட்டுட்டாங்க. நாம என்ன பண்ண முடியும்?”

திடீர்னு! அறுபது நாள் அவகாசத்தோடு என் மேஜைக்கு வந்த காகிதம் அது.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “அதான் பார்த்தேன். உனக்கே தெரியாம வந்துக்கீது, அப்புறம் எனக்கு எங்க தெரியப்போவுது?” என்று என்னைச் சமாதானப்படுத்துவதுபோலச் சொன்னாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். இட்லி சாப்பிட்டுப் போ என்றேன். வேண்டாம் என்று போய்விட்டாள்.

மறுநாள் ஆபீசுக்குப் போனதும் கோப்பை எடுத்தேன். எங்காவது வேறு யாராவது கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்களா என்று ஒரு நப்பாசை. என் கையெழுத்துதான் இருந்தது. டிக் நல்ல அழுத்தமாக இருந்தது. மிளகாய் எண்ணெய் ஓரத்தில் மஞ்சளாக ஒட்டியிருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் அந்த நாட்டு கெஜட்டையும் தேடி எடுத்தேன். விதியோடு கூட, எந்தெந்த நாடு என்னென்ன சொன்னது, தாங்கள் என்ன பதில் சொன்னோம் என்று ஒரு அட்டவணை போட்டிருந்தார்கள். ஒரு குட்டித் தீவு நாடு. மேப்பில் ஈ உட்கார்ந்தால் மறைந்துவிடும். தங்கள் ஊர்த் தேங்காய் மிட்டாயில் கொஞ்சம் பால் பவுடர் சேர்க்கிறோம், நன்றாகக் காய்ச்சிவிடுகிறோம், கெட்டுப்போகாது என்று இரண்டே இரண்டு பத்தி எழுதியிருந்தது. எதிரே, ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது.’ அதனால், சான்றிதழ் தேவையில்லை என்று ஒதுக்கிய பொருட்களின் விலக்குப் பட்டியலில் பிஸ்கட், சாக்லேட்டோடு அந்தத் தேங்காய் மிட்டாயும் ஏறிவிட்டது. அதை எழுதியவள் யாரோ, அவள் கைக்கு ஒரு வளையல் வாங்கிப் போட வேண்டும். இந்தியா என்பதற்கு எதிரே, ‘கருத்து எதுவும் இல்லை.’ இந்தியா என்றால் யார்? இத்தனை கோடி ஜனமா? இன்னும் சில சங்கங்களும் அப்படி எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் மோர் மிளகாய் என்றால் என்னவென்று தெரிந்த சங்கம் எங்களுடையது. அந்தக் கட்டத்தில் இந்தியா என்பது நான்தான்.

எங்கள் செயலாளரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், ரிட்டயர் ஆக ஒரு வருடம் பாக்கி. “விடுங்க மேடம். எல்லாரும் அப்படித்தானே டிக் போடறோம்? நீங்க சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாங்கன்னு என்ன நிச்சயம்?” என்றார்.

கேட்டிருப்பார்கள் என்று நிச்சயம் இல்லைதான். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினேன். ஆனால் தேங்காய் மிட்டாய் விடவில்லை. கண்ணை மூடினால் தேங்காய் மிட்டாய்.

அவள் சும்மா இருக்கவில்லை. மோருக்குப் பதில் உப்புத் தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து ஊறவைத்து அனுப்பிப் பார்த்தாள். கடைக்காரர், இது மோர் மிளகாயே இல்லை, யாரும் வாங்கமாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். சுண்டைக்காய் வத்தல், மணத்தக்காளி வத்தல் எல்லாமே மோரில் ஊறுகிறவைதான். ஆறு பேரில் நாலு பேரை நிறுத்தினாள். அதில் ஒருத்தி இப்போது எங்கள் பிளாட்டில் மாடிப்படி பெருக்க வருகிறாள். தினமும் காலையில் என்னைப் பார்த்து, “நல்லாக் கீறீங்களா?” என்று கேட்பாள். நான் பாத்ரூமில் போய் நின்றுகொள்வேன்.

ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு அவள் தெரு வழியாக வருவதுதான் பக்கம். நான் மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு, பஸ் புகையில் இருமிக்கொண்டு வர ஆரம்பித்தேன். ஆனாலும் மாதம் தவறாமல் அவளிடமிருந்து ஒரு பொட்டலம் வந்துவிடும். அக்காவுக்குக் கொடு என்று யார் கையிலாவது கொடுத்து அனுப்புவாள். அதைப் பிரிக்காமல் அலமாரியில் பின்னால் தள்ளி வைப்பேன். “என்ன, மோர் மிளகாய் கண்ணுலயே காட்ட மாட்டேங்கறே?” என்று ஒருநாள் வீட்டுக்காரர் கேட்டார். எனக்கு அல்சர் என்று சொல்லிவிட்டேன். பாவம், அவர் பயந்துபோய் டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் நன்றாக அமுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார்.

யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போல இருந்தது. ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்துத் திருநீர்மலைக்குப் போனேன். மூச்சு வாங்க அத்தனை படியும் ஏறி, ரங்கநாதர் முன்னால் நின்று எல்லாவற்றையும் மனசுக்குள் ஒப்பித்தேன். அவர் படுத்துக்கொண்டே கேட்டார். எனக்குப் பின்னால் நின்றவர்கள், “நகருங்கம்மா, நகருங்க” என்றார்கள். கீழே இறங்கி வரும்போது என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கிறவளிடம் சொல்ல வக்கில்லை, மலையேறிப் பெருமாளிடம் சொல்கிறாளாம். அவருக்கா சரக்கு போயிற்று?

அப்புறம்தான் அந்த மெயில் வந்தது. அதே நாடு, அதே விதி. நிறையப் புகார் வந்ததால் விலக்குப் பட்டியலைத் திருத்தப்போகிறார்கள். புதிய வரைவு. கருத்துச் சொல்ல அறுபது நாள். இந்த முறை கடைசிப் பக்கம்வரை மூன்று தடவை படித்தேன். விலக்குக் கேட்கிறவர்கள், பொருளை எப்படிச் செய்கிறோம், பால் எந்தக் கட்டத்தில் சேர்கிறது, கடைசியில் எந்த நிலையில் இருக்கிறது என்று செய்கிறவர்களிடமே கேட்டு எழுத வேண்டும். செய்கிறவள் என்றால் அவள்தான்.

நியாயமாக அன்று சாயங்காலமே போயிருக்க வேண்டும். போகவில்லை. போய்க் கேட்டால், ‘இதை அன்றைக்கே எழுதியிருக்கலாமே’ என்பாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். வேறு எங்காவது செய்முறை கிடைக்குமா என்று யூட்யூபில்கூடத் தேடினேன், வெட்கக்கேடு. இப்படியே இருபத்தைந்து நாள் போயிற்று. முதல் அறுபது நாளையாவது தெரியாமல் தொலைத்தேன். இந்த இருபத்தைந்தைத் தெரிந்தே தொலைத்தேன். டெல்லிக்குப் பத்து நாள் முன்னதாகவே போய்ச் சேர வேண்டும் என்பது ஞாபகம் வந்த பிறகுதான், ஒரு சனிக்கிழமை மத்தியானம், கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தேன். மூன்று நிமிஷ நடை.

மாடியில் அவளும் இரண்டு பெண்களும் அரிசி வடகம் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். சேலையூர்க் கடைகளுக்குப் போடுகிறாளாம். மிளகாய் காய்ந்த இடம் காலியாக இருந்தது.

“வாக்கா! இன்னா, ஆளே காணோம்? இளச்சிப்போய்க் கீறியே,” என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

விஷயத்தைச் சொன்னேன். மறுபடி ஒரு வழி திறந்திருக்கிறது, நீ செய்கிற விதத்தைச் சொல்லு, நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்த இரண்டு பெண்களையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

“எழுதிக்கோ. காம்ப கிள்ளக் கூடாது. ஊசியால ஒரு குத்து குத்தணும். தயிரு நல்லா புளிச்சிருக்கணும், உப்பு போட்டுக் கடையணும். ராத்திரி ஊறும், பகல்ல வெயில்ல. மறுக்கா அதே மோருல போடணும். மோரு மொத்தமும் மிளகாய்க்குள்ள போயிடும்க்கா, பாத்திரத்துல ஒரு சொட்டு நிக்காது. அப்புறம் காய விட்டா, கையில எடுத்து ஆட்டுனா விதை கிலுகிலுன்னு சத்தம் கேக்கணும். அதுல எங்கக்கா கீது பாலு?”

நான் எழுதிக்கொண்டே போனேன். மூன்று பக்கம். இதைவிடத் தெளிவாக எந்த விஞ்ஞானியும் சொல்லியிருக்க முடியாது. எழுதி முடித்ததும் அவள் கேட்டாள். நான் பயந்த அதே கேள்வி.

“இத்த அன்னிக்கே எழுதிப் போட்டிருந்தா வுட்டிருப்பாங்களாக்கா?”

ஊரையே வாயால் அளக்கிற நான், கோப்பைத் திறந்து அந்தப் பழைய படிவத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

அவள் எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் படிப்பாள். விரலை வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தாள். விரல் அந்தக் கட்டத்தில் நின்றது.

“இது இன்னா?”

“பாதிக்கப்படறவங்களைக் கேட்டாச்சான்னு அர்த்தம்.”

“டிக்கு போட்டுக்கீது.”

“ஆமா.”

“யாரு போட்டது?”

“நான்தான்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “யாரக் கேட்ட?”

தெருவில் தண்ணீர் லாரி ஒன்று பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது. அந்த இரண்டு பெண்களும் எழுந்து வடகத்தைத் திருப்பிப் போடப் போய்விட்டார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மன்னித்துவிடு என்றேன். தலைப்பைப் பார்த்து ஏமாந்துவிட்டேன், மிளகாய் என்று தோன்றவில்லை, அன்றைக்கு நீ வந்தபோதே எனக்குத் தெரியும், தெரிந்தும் மறைத்தேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

“ரெண்டு தெரு,” என்றாள் கடைசியில். “ஒரு போனு போட்டிருந்தாக்கூட ஓடியாந்திருப்பேன். ரெண்டு தெரு தள்ளித்தான கீறேன்.”

திட்டியிருக்கலாம். கோப்பைத் தூக்கி மாடியிலிருந்து எறிந்திருக்கலாம். நான் அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் பழைய படிவத்தை ஒழுங்காக மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, “எழுதுனத மறுபடி வாசி,” என்றாள். இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

“மூணு நாள்னு நான் சொல்லல. மோரு உள்ள போற வரிக்கும்னு சொன்னேன். வெயில் இல்லாட்டி அஞ்சு நாளும் ஆவும். சரியா எழுது.”

அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன்.

புதுப் படிவத்தில் அதே கட்டம் இருந்தது. பழக்க தோஷம், பேனா அதன் பக்கம் போயிற்று. அவள் என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். நாற்காலியின் மேல் காகிதத்தை வைத்து, குனிந்து, தானே டிக் போட்டாள். பக்கத்தில் தமிழில் தன் பெயரை முழுசாக எழுதினாள். அங்கே எழுத இடம் இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அப்படியேதான் ஸ்கேன் செய்து அனுப்பினேன். அந்த டிக்கும் அந்தப் பெயரும்தான் டெல்லிக்குப் போயின, அங்கிருந்து கடல் தாண்டிப் போயின.

அன்று கேட்வரைக்கும் கூடவே இறங்கி வந்தாள். எப்போதும் வருவாள். வந்து, பொட்டலத்தைப் பையில் திணித்துவிட்டு, வாசலிலேயே நின்று அரைமணி நேரம் பேசுவாள். அன்று கையில் பொட்டலம் இல்லை.

“பதிலு எப்ப வரும்?”

“சொல்ல முடியாதும்மா. அவங்க படிக்கணும், ஜெனீவாவில கூட்டத்துல பேசணும். ஆறு மாசமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம்.”

“சரி. வந்தா சொல்லுங்க, மேடம்.”

பதினோரு வருடமாக நான் அவளுக்கு அக்கா. என்னை ஒருநாளும் ‘நீங்க’ என்று சொன்னது கிடையாது. சொல்கிறேன் என்று தலையாட்டினேன். அவள் கேட்டைச் சாத்திக்கொண்டு, வடகம் காய்கிறதா என்று பார்க்க மேலே ஏறிப் போனாள்.